கரிக்கோட்டுச் சுவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், மதிய உணவுக்கு முந்தைய அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் விடப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். "சார், பழைய கதை வேண்டாம், ஏதாவது விஷயமாப் பேசுங்க" என்று போனில் சொன்னார். பழைய கதையைத் தவிர என்னிடம் வேறு விஷயம் இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தலைப்பு, எருமையின் பால் பரம்பரை. வகுப்புத் தோழர்களுக்குத் தெரிந்த பாடம்தான். குடும்பத்தார் பலர் வந்திருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்வேன்; தெரிந்தவர்கள் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம். வகுப்பிலும் அதைத்தானே செய்தோம்!

1981-இல் எனக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாற்றலாயிற்று. அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1997-இல் வந்தது. அப்போது எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். ஒரு பக்கம் ஆந்திர எல்லை, இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி. பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ், எல்லார் வீட்டிலும் எருமை. காலை ரயிலில் சென்னைக்குப் போகும் பால்கேன்களின் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. தொழிற்பேட்டை வளர வளர, அந்த ரயிலில் கேன் குறைந்து டிபன் பாக்ஸ் கூடிற்று.

மாதர்பாக்கம் போகும் வழியில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு அம்மாள் வீட்டு எருமைக்குச் சினை ஊசி போடப் போனேன். ஊசி போட்டுக் கையைக் கழுவும்போது தொழுவத்துச் சுவரைப் பார்த்தேன். சுவர் முழுக்கக் கோடு. கரியால் ஒரு வரிசை, அதன்கீழ் காவியால் ஒரு வரிசை. பிள்ளைகள் கிறுக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"இது இன்னாம்மா?" என்றேன்.

"கரி, காலைப் பாலு டாக்டரய்யா. காவி, சாயங்காலம். ஒரு கோடு ஒரு லிட்டரு. அரைன்னா குட்டைக் கோடு. சொசைட்டிக்காரன் கணக்குல ஏமாத்திட்டா நான் எதைக் காட்டறது?"

அந்தம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். நாம் இங்கே கால்நடை மரபியலில் 'மில்க் ரெக்கார்டிங்' என்று ஒரு பாடம் முழுக்க எழுதி, மார்க் வாங்கி, மறந்துபோன காரியத்தை அவர் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். பத்து மாதக் கறவையில் இரண்டாயிரம் லிட்டரைத் தாண்டியிருந்தது. சுற்று வட்டாரத்தில் மற்ற எருமைகள் அதில் பாதி கறந்தால் பெரிது. பெயர் பெற்ற முர்ரா இனத்துக்கே நம் நாட்டுப் பண்ணைகளில் ஒரு கறவைக்கு 1,700 லிருந்து 2,000 லிட்டர் என்றுதான் கணக்கு. இதுவோ கொம்பு சரியாகச் சுருளாத, வால் நுனி வெளுத்த கலப்பு எருமை. ஷோவில் நிறுத்தினால் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இங்கேதான் பாடம் வருகிறது. கண்ணை மூடிக்கொள்பவர்கள் மூடிக்கொள்ளலாம்.

"பாலுக்கு ஒரு மரபணு இருக்கா அங்கிள்?" என்று நம் தோழர் ஒருவரின் மகள் காலையில் கேட்டாள். பெங்களூரில் இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறாள். தெரியாமல் கேட்கவில்லை, கிழவனைச் சோதித்தாள். ஒன்று இல்லை அம்மா, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். சந்தைக்கு நூறு பேர் போய் ஆளுக்கு ஐந்து ரூபாய் லாபமோ நஷ்டமோ பார்ப்பது மாதிரி. மொத்தக் கணக்குத்தான் தெரியும். யார் எவ்வளவு என்று தெரியாது.

தனியாக நின்று பெரிய வேலை செய்யும் மரபணு ஒன்றிரண்டு உண்டு. டி.ஜி.ஏ.டி.1 என்று ஒன்று. பாலில் கொழுப்புக் கட்டும் நொதியைச் செய்வது. 2002 வாக்கில் பசுக்களில் கண்டுபிடித்தார்கள்: அந்த நொதியில் 232-ஆம் இடத்தில் லைசின் இருந்தால் கொழுப்பு அதிகம், பால் அளவு கொஞ்சம் குறைவு; அலனின் இருந்தால் பால் அதிகம், கொழுப்புக் குறைவு. சீமைப் பசுக்களில் இரண்டும் கலந்து இருக்கும். ஆராய்ந்து பார்த்த எருமைகளிலோ எல்லாம் லைசின்தான். எருமைப் பாலில் ஏழு, எட்டு சதவீதக் கொழுப்புக்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் நம் நாட்டுப் பசுக்களிலும் பெரும்பாலும் இதே லைசின்தான். ஆனால் ஒன்று தெரிகிறது. எல்லா எருமையிலும் ஒரே வடிவம் என்றால், அந்த மரபணுவை வைத்து நல்ல எருமை, மட்ட எருமை என்று பிரிக்க முடியாது. எல்லாரும் நூறு மார்க் வாங்கின பரீட்சையை வைத்து யாருக்கு ரேங்க் கொடுப்பது?

இன்னொன்று, சமையலறைக்காரர்களுக்காக. எருமைப்பால் ஏன் வெள்ளை வெளேரென்று இருக்கிறது? பசுவின் பாலில் புல்லிலுள்ள கரோட்டின் கொஞ்சம் அப்படியே வந்து மஞ்சள் காட்டும். எருமை அதை வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிவிடும். நிறம் இல்லையே என்று சத்து இல்லை என்பது தப்பு. என் மனைவிக்கு இதை நாற்பது வருஷமாகச் சொல்கிறேன்.

சரி. ஒரு மந்தையில் எருமைக்கு எருமை பால் வித்தியாசப்படுகிறதே, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பிறப்பில் வந்தது? முர்ராவில் பார்த்த கணக்குகள் பெரும்பாலும் நூற்றில் இருபது முதல் முப்பது பங்கு என்று சொல்கின்றன. மீதி எழுபது, எண்பது பங்கு தீவனம், தண்ணீர், ஈன்ற மாதம், மடிநோய், கறக்கிற கை, அதிர்ஷ்டம். அந்தம்மாள் பருத்திக்கொட்டை ஆட்டிப் போடுவார், மத்தியானம் குளத்தில் இறக்கிவிடுவார். அந்த இரண்டாயிரம் லிட்டரில் பாதிப் பெருமை அவருடைய கைக்குச் சேரும்.

அப்படியென்றால் பரம்பரையை விட்டுவிடலாமா? கூடாது. பருத்திக்கொட்டையை நிறுத்தினால் அந்தக் கூடுதல் பால் அன்றோடு நின்றுவிடும். பிறப்பில் வந்த பங்கு மகளுக்குப் போகும், பேத்திக்குப் போகும். வருஷா வருஷம் செலவில்லை. கஷ்டம் என்னவென்றால், சுவரைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே கிடாவுக்குப் பிறந்த மகள்கள் பல வீடுகளில், பல கைகளில் கறக்கும்போதுதான் பிரியும். தீவன வித்தியாசம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், அப்பன் கொடுத்தது மட்டும் மிஞ்சும்.

அப்பனுக்கு வருவோம். கிடா பால் கறக்காது. அதன் கொம்பும் மினுமினுப்பும் பாலைச் சொல்லாது. நானே ஒரு கிடாவின் அழகில் மயங்கி, ஒரு ஊருக்கே சிபாரிசு பண்ணி, நாலைந்து வருஷம் கழித்து அதன் மகள்கள் ஈன்றபோது அந்த ஊர்ப் பக்கம் போகாமல் சைக்கிளைச் சுற்றி விட்டிருக்கிறேன். கிடாவின் தரம் மகள்களின் மடியில்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்று வளர்ந்து விந்து தர இரண்டரை, மூன்று வருஷம். அதற்குச் சினையானால் 310 நாள். பிறந்த கிடேரி தலையீற்று ஈன மூன்றரை, நாலு வருஷம். அது கறந்து முடிக்கப் பத்து மாதம். ஆக ஒரு கிடா நல்லதா என்று தெரிய எட்டு, எட்டரை வருஷம் ஆகிறது. ஒரு கலெக்டர் வந்து போய், அவருக்கு அடுத்தவர், அதற்கடுத்தவர் வந்து போய்விடுவார்கள்.

இதைப் பொறுமையாகச் செய்யும் இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்குன்றத்தைத் தாண்டி அலமாதியில் மத்திய அரசின் கால்நடை இனப்பெருக்கப் பண்ணை. நாட்டில் இப்படி ஏழு. அவற்றில் முர்ரா எருமைக்கென்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இது. அரியானாவின் ரோத்தக், ஹிசார் பக்கத்து எருமைக்கு ஆவடிக்குப் பக்கத்தில் வீடு. அங்கே ஒவ்வொன்றுக்கும் தாய் யார், தந்தை யார், எத்தனை லிட்டர் என்று பதிவு உண்டு. ஆனால் பண்ணைக்குள் இருப்பது சில நூறு உருப்படி. வெளியே கிராமத்தில் இருப்பதுதான் பெரிய மந்தை. அங்கே பதிவு, கரிக்கோடுதான்.

நடுவில் ஒரு சிரிப்பு. "பக்கத்து வீட்டுப் பசு ஜெர்சி ஊசி போட்டு எட்டு லிட்டர் கறக்குது, எங்க எருமைக்கும் ஜெர்சியே போட்டுடுங்க சார்" என்று ஒருவர் விடாப்பிடியாக நின்றார். பசுவுக்கு 60 குரோமோசோம், நம் நதி எருமைக்கு 50, இரண்டும் சேராது என்று தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்டாக் இல்லைன்னு சொல்லுங்களேன் சார்" என்றார். பசுவில் கலப்பினம் என்று ஒரு குறுக்கு வழி இருந்தது. எருமைக்கு அது இல்லை. உள்ளூர் எருமையை முர்ராவோடு சேர்த்து, முதல் தலைமுறையில் பாதி, அடுத்ததில் முக்கால், அதற்கடுத்ததில் எட்டில் ஏழு பங்கு என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டும். தலைமுறைக்கு ஐந்து வருஷம் என்றாலும் பதினைந்து வருஷம். அதுவும் நல்ல தாய் வீட்டில் நின்றால்தான்.

நிற்கவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தக் காலத்தில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலில் முர்ரா எருமைகளை ஏற்றி வருவார்கள். மட்டமானதை ஏற்றமாட்டார்கள், கூலி கட்டாது. ஊரிலேயே சிறந்த, ஈன்று சில வாரமான எருமையாகப் பொறுக்கி எடுப்பார்கள். நகரத்துத் தொழுவத்தில் ஒரு கறவை கறப்பார்கள். பால் வற்றியதும் அடுத்த ஈற்று வரை சும்மா தீனி போட இடமும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. கசாப்புக்குப் போகும். கன்று அதற்கு முன்பே போயிருக்கும். நாம் பாடத்தில் படித்த தேர்வு முறையைத் தலைகீழாக்கினால் இதுதான்: சிறந்ததைத் தேர்ந்தெடு, வம்சமில்லாமல் ஆக்கு. பம்பாயில் 1949-இல் ஆரே காலனி உண்டாக்கி எருமைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோனதற்குச் சுகாதாரம் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். சென்னைக்கு மாதவரம் வந்தது. ஆனாலும் நகரத்துச் சந்துகளில் தொழுவங்கள் இருந்துகொண்டேதான் இருந்தன. அவற்றுக்கு எருமை எங்கிருந்து வரும்? நெல்லூர்ப் பக்கமிருந்து, நம் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து.

நம் அம்மாளின் எருமை மூன்றாவது ஈற்றில் கிடாக் கன்று போட்டது. இந்தக் கன்றைப் பொலிகிடாவாக வளர்க்கலாமே என்று எனக்குத் தோன்றிற்று. சுவர்க் கணக்கை முறையாகப் படி எடுத்து, மேலிடத்துக்கு எழுதினேன். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். பதில் வருவதற்குள் கன்று போய்விட்டது. எருமைக் கிடாக் கன்றுக்கு யார் பால் விடுவார்கள்? அந்தம்மாளுக்கும் நாலு பிள்ளைகள். லிட்டருக்கு லிட்டர் சொசைட்டியில் காசு. கன்று வயிற்றுப்போக்கில் இரண்டே மாதத்தில் செத்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீவனத்துக்கு நாலு காசு ஏற்பாடு செய்து கொடுக்காமல் காகிதத்தை மட்டும் அனுப்பினவன் நான்தானே.

அடுத்து 1983 கோடை. சென்னையில் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு ராத்திரி பகலாக அலைந்த வருஷம், ஞாபகம் இருக்கும். வைக்கோல் விலை ஏறிற்று, குளம் வறண்டது. எருமை பால் வற்றிச் சினையாகாமல் நின்றது. எருமை பருவத்துக்கு வருவதே பசு மாதிரி ஊரைக் கூட்டிச் சொல்லாது. கோடையில் சத்தமே இருக்காது. மூன்று தடவை போனேன். இரண்டு தடவை பருவம் தப்பிவிட்டது. மூன்றாம் தடவை ஆள் அனுப்பியபோது நான் ஊத்துக்கோட்டைப் பக்கம் முகாமில் இருந்தேன். அடுத்த வாரம் போனபோது முளைக்குச்சி மட்டும் இருந்தது.

"தரகன் வந்தான், குடுத்துட்டேன் டாக்டரய்யா" என்றார். அழவில்லை. சுவரைக் காட்டி, "இதைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்றாங்க. நீங்க எழுதிக்கிட்டீங்க இல்ல?" என்று கேட்டார்.

எழுதிக்கொண்டேன். இருந்தது அது ஒன்றுதான்.

முழுதும் போயிற்று என்று சொல்லமுடியாது. இரண்டாவது ஈற்றுக் கிடேரியை மூத்த மகளுக்குச் சீராகக் கவரைப்பேட்டைப் பக்கம் கொடுத்திருந்தார். அது ஈன்றதும் தேடிப் போய்ப் பார்த்தேன். தாய் அளவுக்குக் கறக்கவில்லை. ஆனால் அந்த ஊர் எருமைகளைவிடத் தெளிவாக அதிகம். அந்த வீட்டார் ஏமாந்த மாதிரி பேசினார்கள். பாடப்படி அது அப்படித்தான் இருக்கும். தாயின் கூடுதல் பாலில் கால் பங்குதான் பிறப்பில் வந்தது. அதிலும் பாதிதான் மகளுக்கு. மறுபாதி அப்பன் தரவேண்டியது. அப்பன் யார் என்று நான் கேட்டேன். ஏரிக்கரையில் திரிந்த ஏதோ ஒரு கிடா. நல்ல தாய்க்குத் தெரியாத அப்பன், இதுதான் நம் எருமை வளர்ப்பின் சரித்திரம்.

இப்போது நம் தோழரின் மகள் "அங்கிள், இன்னிக்கு மகள்களுக்காகக் காத்திருக்க வேண்டாமே, கன்றின் ரத்தத்திலேயே தெரியுமே" என்பாள். உண்மைதான். 2009-இல் கர்னாலில் எருமையை நகலெடுத்தே பிறக்க வைத்தார்கள். 2019-இல் எருமையின் முழு மரபணுத் தொகுப்பை நல்ல தரத்தில் வெளியிட்டார்கள். அதற்கு ரத்தம் கொடுத்தது ஒலிம்பியா என்ற இத்தாலிய எருமை. 2019 கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் ஏறத்தாழ 11 கோடி எருமைகள். இத்தாலியில் சில லட்சம். ஆனால் அவர்கள் பாலாடைக்கட்டிக்காக எருமைக்கு எருமை கணக்கு எழுதி வைத்தவர்கள். எனக்கு அதில் பொறாமை உண்டு, மறைக்கவில்லை. பிறகு ஆனந்திலுள்ள தேசியப் பால்வள வாரியம் முர்ராவின் தொகுப்பையும் செய்தது. 2024 அக்டோபரில் பசுவுக்கும் எருமைக்கும் தனித்தனி மரபணுச் சில்லு நாட்டுக்கு வந்தது. எருமைக்கு 'மகிஷ் சிப்' என்று பெயர்.

நல்ல காரியம். ஆனால் அந்தச் சில்லு எப்படி வேலை செய்கிறது? ஆயிரக்கணக்கான எருமைகளின் மரபணுப் புள்ளிகளை ஒரு பக்கம், அவை உண்மையில் கறந்த பாலை இன்னொரு பக்கம் வைத்து, எந்தப் புள்ளிக்கு எவ்வளவு பால் என்று முதலில் கற்றுக்கொள்கிறது. அந்த இரண்டாவது பக்கம் காலி என்றால் சில்லுக்கு ஒன்றும் தெரியாது. பாலை யாராவது மாதம் ஒருமுறையாவது, காலையும் மாலையும், அளந்து எழுதவேண்டும். கரியும் காவியும் இல்லாமல் சில்லு இல்லை அம்மா. இதை உன் ஆபீசில் சொல்.

எனக்கு உள்ள கவலை வேறு. தமிழ்நாட்டில் 2007-இல் எருமை சுமார் 20 லட்சம். 2019-இல் சுமார் 5 லட்சம். பன்னிரண்டு வருஷம்! நல்ல கிடாவை எட்டரை வருஷம் காத்திருந்து கண்டுபிடித்துக் கொண்டு வருவதற்குள் ஊசி போட எருமை இருக்குமா? கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் தொழிற்சாலைச் சுவர் தெரிகிறது. தொழிற்சாலையை நான் திட்டவில்லை. அந்தம்மாளின் பேரன்கள் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்கள், நல்ல வீடு கட்டியிருக்கிறார்கள். எருமைக்குப் படுக்கக் குளமும் மேய்க்க ஆளும் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கறவை மாடு வேண்டுமென்றால் கலப்பினப் பசு வாங்குகிறார்கள். அது பருவத்தைச் சத்தம் போட்டுச் சொல்கிறது.

போன பொங்கலுக்குக் கவரைப்பேட்டைப் பக்கத்து அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு எருமை இன்னும் இருக்கிறது. பழைய வம்சமா என்றால் "இருக்கலாம் தாத்தா" என்றாள் அந்த வீட்டுப் பெண். கல்லூரியில் படிக்கிறாள். இரண்டுக்கும் காதில் மஞ்சள் பட்டை, 12 இலக்க எண். போனில் எண்ணைத் தட்டிக் காட்டினாள். தடுப்பூசி போட்ட தேதி இருந்தது. ஊசி போட்ட கிடாவின் எண் ஒன்றுக்கு இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. பால் அளவு என்ற இடம் இரண்டுக்கும் காலி. "அதை யாரும் கேக்கலையே தாத்தா" என்றாள்.

நான் 1981-லிருந்து 1984 வரை எழுதிய அந்த நோட்டை, சுவர்க் கணக்கு உட்பட, ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். பத்துப் பிரதி. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இப்போது வேலையில் இருக்கும் தம்பிமார்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம் ஒன்று கொடுத்துவிட்டேன், அவள் கேட்டது, "தாத்தா, மாசத்துக்கு எத்தனை நாள் அளக்கணும்?" ஒரு நாள் போதும், காலையும் மாலையும் என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கீழே சாப்பாட்டில் எருமைத் தயிர் இருப்பதாகக் கேள்வி.